எலுமிச்சம்பழத்தை மிதித்த கால்

மச்சான்,

இன்று மகள் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து பிரிக்ஃபீல்ட்ஸ் சாலையோர ஒட்டுக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். விழுந்து தொடை எலும்பு முறிந்ததிலிருந்து நான் இப்படித்தான் ஊர்வலம் போகிறேன். அவித்த முட்டையை உடைத்தேன். பாலிங் சுடுநீர் ஊற்றில் கூடையோடு இறக்கி அவித்தோமே, அந்த வாடை வந்தது.

அந்தப் பயணம், உனக்கு வாதம் வந்து இடது கால் மரத்திருந்த சமயம். போர்ட் கிள்ளானிலிருந்து லோரி ஓட்டி நாட்டையே அளந்தவன் நீ. “கடாரத்தப் பாக்கணும்டா. ஹைவே வேணாம், பழைய ரோட்டுல போ” என்றாய். மெர்போக் வரை வயலும் ரப்பர் காடும். குனோங் ஜெராய் மலை மேகத்தைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தது. நான் ஓட்டிய அழகில் எருமைகளே எழுந்து மரியாதை செய்தன.

“மரியாதை இல்லடா, உயிர் பயம்” என்றாய்.

பூஜாங் பள்ளத்தாக்கில் அந்தப் பழைய கற்கோயில் மேட்டில் கிடந்தது. கூரையில்லை, சாமியில்லை, அடித்தளம் மட்டும். படிகளோ, சோழன் படையே பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியிருக்கும். காவலர் நம்ம ஆள். “இது எங்க பாட்டன் கட்டினது, பாஸ்” என்றேன்.

“இவன் பாட்டன் ரயில் ரோட்டுக்குக் கல்லு ஒடச்சாரு” என்றாய் நீ.

அவர் சிரித்துக்கொண்டே உன் கையைப் பிடிக்க வந்தார். நீ கொடுக்கவில்லை. லோரி கிளம்புமுன் டயருக்கடியில் வைக்கிற எலுமிச்சம்பழம் உன் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்துப் படிக்குக் கீழே தரையில் வைத்தாய். மரத்த காலை இரு கையாலும் தூக்கி அதன்மேல் இறக்கினாய்.

“அங்கிள், பழைய இடம் லா. இங்க இதெல்லாம் செய்யக்கூடாது.”

“கல்லுல வைக்கல தம்பி. வண்டி எடுக்கணும், கொஞ்சம் ஒதுங்கு.”

அவர் ஒதுங்கினார். நீ ஏறினாய். மேலே போய்ச் சேர்ந்தபோது உன் சட்டையைப் பிழிந்திருந்தால் ஒரு வாளி நிறைந்திருக்கும்.

சாயங்காலம் பாலிங் ஊற்றில் மரத்த காலை நனைத்தாய். பிறகு, “சூடு தெரியுதுடா. கட்டவெரல்ல மட்டும்” என்றாய். ஊரெல்லாம் நான் ஐந்து விரல் என்றுதான் சொல்லி வருகிறேன். உனக்கு ஒரு விரல் போதுமாயிருந்தது, எனக்குப் போதவில்லை.

நாளை ஷா ஆலத்தில் மருத்துவமனைக் கம்பியைப் பிடித்து முதல் அடி வைக்கிறேன். வைத்தே தீருவேன். மகள் என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து, “என்னப்பா இது, எலுமிச்சம்பழம்?” என்றாள்.

“வண்டி எடுக்கணும்மா” என்றேன்.

பளபளக்கும் தரையில் சாறு தெறித்தால் தாதி திட்டுவார். திட்டட்டும். கொஞ்சம் ஒதுங்கச் சொல்வேன்.