முன்னாடி சீட்டு

என்னாங்க,

விழுப்புரம் திண்டிவனம் வண்டியில கண்டக்டரா இருபத்தெட்டு வருசம் நின்னுக்கினே காலத்தை ஓட்டின என் வீட்டுக்காரருக்கு, தனம் எழுதுறேன். இது யார் கையில கிடைச்சாலும் படிக்கட்டும். இனிமே மனசுக்குள்ளயே வெச்சுக்கினு இருக்க என்னால ஆவாது.

சேகர் அமெரிக்காவிலிருந்து டிக்கெட் அனுப்பியிருக்கான். மருமகளுக்கு ஒன்பதாம் மாசம். 'அம்மா, நீ வந்தாதான் ஆச்சு'ன்னு எழுதியிருக்கான், உங்க புள்ளை. வர்ற வெள்ளிக்கிழமை பம்பாய்ல பிளேன் ஏறணும். டிக்கெட்டோட இன்னொரு தாளும் இருந்துச்சு. அதைப் பார்த்ததுலேருந்து எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

அதே தாள்தாங்க. போன வருசம் உங்களுக்கு வந்துச்சே, அது. அவன்தான் வேலை விசயமா வாரா வாரம் பிளேன்ல போறவனாச்சே. போன தூரத்தையெல்லாம் பிளேன் கம்பெனிக்காரங்க மைல் கணக்குல சேர்த்து வெச்சு, அதுக்குப் பதிலா சாதா டிக்கெட்டை முன்பக்கத்து அகல சீட்டா மாத்திக் குடுப்பாங்களாம். அன்னிக்கு அவன் சேர்த்தது ஒரு ஆளுக்குத்தான் பத்துச்சு. அப்பாவுக்குன்னு எழுதிட்டான். நரம்புச் சுருட்டல் வந்த காலை ரொம்ப நேரம் தொங்கப் போடக் கூடாதுன்னு விழுப்புரம் டாக்டர் உங்களுக்குச் சொல்லியிருந்தார் இல்ல?

"நான் போன மைலை எவனாவது எண்ணியிருந்தா எனக்கு ஒரு பஸ்ஸே குடுத்திருக்கணும்டி"ன்னீங்க. கூட்டேரிப்பட்டு டீக்கடை வரைக்கும் போய் அதைச் சொல்லிட்டு வந்தீங்க.

அவனைப் பார்க்க நாம ரெண்டு பேரும் பிளேன்ல ஏறினதும் என்னைப் பின்னாடி, முன்னப்பின்ன தெரியாத ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல உக்காரச் சொன்னாங்க. உங்க சட்டையைப் புடிச்சுக்கினு, "என்னைத் தனியா விட்டுட்டுப் போவாதீங்க"ன்னு அழுதேன். அன்னிக்கு நான் அழாம இருந்திருந்தா?

நீங்க யோசிக்கவே இல்லை. தோள்ல கிடந்த துண்டை எடுத்துக்கினு போய், பஸ்ஸுல ஜன்னல் வழியா இடம் புடிப்பாங்களே, அந்த மாதிரி உங்க அகல சீட்டுல போட்டீங்க. "லேடீஸ் முன்னாடி, ஜென்ஸ் பின்னாடி. ஜல்தி போய் உக்காரு"ன்னீங்க. பிளேன்ல வேலை பார்க்குற பொண்ணு வந்து என்னமோ இங்கிலீசுல சொல்லிச்சு. "ஒய்ஃப், ஒய்ஃப்"னு என்னைக் காட்டினீங்க. அதுவும் சிரிச்சுட்டுப் போயிடுச்சு. உங்க வண்டியில எத்தனை சண்டையை இப்படித் தீர்த்து வெச்சிருப்பீங்க. நான் காலை நீட்டிக்கினு தூங்கிட்டேன். தூங்கினேன் பாருங்க, அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

இறங்கும்போது செருப்பு உங்க கால்ல ஏறலை. வாரைத் தளர்த்திக்கினே, "பையன்கிட்ட சொல்லாத. ஆசையா செஞ்சிருக்கான், வருத்தப்படுவான்"னீங்க. சரின்னேன்.

அங்க போன ஆறாம் நாள் குளிச்சுட்டு வந்து நெஞ்சைப் புடிச்சுக்கினு உக்காந்தீங்க. எழுந்திரிக்கவே இல்லை. கால்ல உறைஞ்ச ரத்தம் மேல ஏறிடுச்சுன்னு அந்த ஊர் டாக்டர் சொன்னாராம். நெருக்கி உக்காந்து வந்தாரான்னு கேட்டாராம். 'இல்லை, அப்பா முன்னாடி சீட்டுலதான் வந்தார்'னு சொல்லிட்டேம்மான்னு சேகர் என் தோள்ல சாஞ்சு அழுதான். நான் வாயைத் திறக்கலை.

இப்ப எழுதுறான்: 'அப்பாவைக் கஷ்டப்படாம கூட்டியாந்தேன், அது ஒண்ணுதான்மா எனக்கு ஆறுதல். உன்னையும் அப்படியே கூட்டியாறேன்.' ஒரு வருசமா மைல் சேர்த்திருக்கான். சொன்னா அந்த ஆறுதலும் போயிடும். அப்புறம் என்னை அம்மான்னு கூப்பிடுவானா? குழந்தையை என் மடியில குடுப்பானா? சொல்லாம போனா, அந்தச் சீட்டுல நான் எப்படிங்க உக்காருவேன்? தாளை அரிசி டப்பாவுல வெச்சேன், சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சேன். எங்க வெச்சாலும் பயமாத்தான் இருக்கு.

பக்கத்து வீட்டு சரோஜா அக்காகிட்ட மட்டும் சொன்னேன். "போன மனுசன் வந்து கேக்கவா போறாரு? வாயை மூடிக்கினு போய்ட்டு வாடி. புள்ளைய ஏன் பேஜாரு பண்ற"ன்னாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான். அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அங்காளம்மாகிட்டயும் கேட்டேன். அவ்வளவு கூட்டத்துல இடிபட்டுக்கினு நின்னும் எனக்குப் பயம் விடலை.

உங்க துண்டைத் துவைச்சு மடிச்சுப் பையில வெச்சிருக்கேன். ஏறினதும் அதை அந்தச் சீட்டுல விரிச்சுத்தான் உக்காருவேன். இந்தத் தடவை கண்ணை மூட மாட்டேன். இறங்கினதும் சேகர் என் பையை வாங்குறதுக்கு முன்னாடி, துண்டை அவன் கையில குடுத்து, "உங்கப்பா பின்னாடிதான்டா உக்காந்து வந்தாரு. நான் அழுததாலதான்"னு சொல்லிடுவேன். சொல்லாதன்னீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க பேச்சை நான் மீறுறது இது ஒண்ணுதான். சத்தியமா சொல்லிடுவேங்க.

அதுக்கப்புறம் அவன் என்னை எங்க உக்காரச் சொல்றானோ, அங்க உக்காந்துக்கிறேன்.

உங்க சட்டையை இன்னும் விடாத
உங்க சம்சாரம்,
தனம்