நிறுத்தியிருக்கலாம்

மிரண்டாவுக்கு,

அக்கா வீட்டில் சௌகரியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். எனக்கு வேலை மாறிவிட்டது. பொங்கோல் வட்டாரத்தில் ஓடும் தானியங்கி டாக்சியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டுவது வண்டிதான். அது தடுமாறினால் மட்டும் நான் பிரேக்கை மிதிக்க வேண்டும்.

நேற்று காலை, நின்றிருந்த பேருந்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் சட்டென்று சாலையில் இறங்கினார். என் கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி நின்றுவிட்டது. அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்து போனார். பின் இருக்கையில் இருந்த பெண், "நல்ல வேளை அங்கிள், கரெக்டா பார்த்துட்டீங்க லா," என்றார்.

"நான் பார்க்கலம்மா, வண்டி பார்த்துச்சு," என்றேன்.

சிராங்கூன் சாலையில் நான் ஓட்டிய நம் டாக்சி லாரியில் மோதி உன் கால் நசுங்கியபோது, யாராலும் நிறுத்தியிருக்க முடியாது என்று சொன்னேன். மூன்று வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிறுத்தியிருக்கலாம். உன்னை இறக்கிவிட்ட பிறகு எடுக்க வேண்டிய சவாரியைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை உன் காலுக்குப் பயிற்சி என்று அக்கா சொன்னார். இந்த வண்டி பாலிகிளினிக் வழியாகத்தான் போகிறது. இதில் வருகிறாயா என்று கேட்கத்தான் கடிதத்தை ஆரம்பித்தேன். இப்போது கேட்கவில்லை. படித்துவிட்டு, போன் பண்ணித் திட்ட வேண்டுமென்றால் திட்டு. எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்