தொட்டியில் ஓடிய கற்பூரம்

என் கயல் கண்ணுக்கு,

நாளைக் காலையில் உன் சிநேகிதி நித்யா சென்னையிலிருந்து வருகிறாள். நீ பாதியில் விட்ட ஆராய்ச்சியை அவள்தான் முடிக்கப் போகிறாளாம். அதற்கு உன் கண்ணாடித் தொட்டி வேண்டுமாம். அம்மா துணி சுற்றி எடுத்து வைத்தாள். நான் பிரித்து மறுபடியும் உன் மேஜையிலேயே வைத்துவிட்டேன். கொடுக்க மனசு வரவில்லை, என்ன செய்ய?

தள்ளுவண்டியில் கற்பூரம் விற்று, தேரடி வீதியில் கடை பிடித்தவன் நான். கற்பூரம் என்றால் கொளுத்துகிற சரக்கு, அவ்வளவுதான். தண்ணீரில் போட்டால் தானாக ஓடும் என்று நீதான் காட்டினாய்.

"யாருமே தள்ளலியே, எப்டிடி ஓடுது?"

"தன்னையே கரைச்சிக்கினு ஓடுதுப்பா. அதான் அதுக்கு இன்ஜின்."

பிறகு இடுக்கியால் நிறையத் துண்டுகள் போட்டாய். ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஓடித் தண்ணீரை இழுக்க, அந்தத் தண்ணீர் மற்றதை இழுக்க, தொட்டி முழுக்கச் சுழல் சுழலாக ஆனது. கலக்குகிறவர் யாருமில்லை.

"பௌர்ணமிக்கு நம்ம கடை வாசல்ல கிரிவலக் கூட்டம் சுத்துற மாதிரி கீதே!"

"அங்க விசில் ஊத போலீஸ்காரராவது இருப்பாரு" என்று சிரித்தாய்.

இன்னொரு தடவை அதே மாதிரி ஓடவிடச் சொன்னேன். முடியாது என்றாய். "ஆரம்பத்துல ஒரு துண்டு மயிரிழை தள்ளி விழுந்தாலே மொத்தமும் வேற மாதிரி ஆயிடும்பா. எதனாலன்னு பின்னாடி போய்த் தேடிப் புடிக்க முடியாது."

அந்தப் பேச்சுதான் இப்போது என்னைத் தின்கிறது. நீ சென்னைக்குத் திரும்பிய அன்று ஆட்டோ சீக்கிரமே வந்துவிட்டது. அதனால் முந்தைய பஸ் கிடைத்தது. அந்த பஸ்தான் வழியில் லாரியோடு மோதியது. ஆட்டோக்காரர் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருந்தால்? அம்மா இன்னொரு தோசை ஊற்றியிருந்தால்? கடையில் சரக்கு குறைந்தால் எங்கே குறைந்தது என்று கண்டுபிடித்துவிடுவேன். உன்னை எந்த இடத்தில் தொலைத்தேன் என்று தெரியவில்லையே.

இன்று மத்தியானம் நானே தொட்டியில் தண்ணீர் விட்டுக் கற்பூரம் போட்டேன். ஒரு துண்டுகூட அசையவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா வந்து என் கையைப் பார்த்தாள்.

"எண்ணெ டின்ன தொட்ட கையோட போட்டா எப்டிங்க ஓடும்? எண்ணெ பட்டா ஓடாதுன்னு அவ எத்தினி வாட்டி சொல்லிருக்கா!"

அவளே தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, உன் இடுக்கியால் போட்டாள். ஓடியது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். துண்டுகள் சிறுத்து, வேகம் தணிந்து, ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எரித்தாலும் கரைத்தாலும் மிச்சம் வைக்காத சரக்கு. வாசனை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் இல்லை.

இங்கே இருந்தால் அது வெறும் தொட்டி. நித்யாவிடம் போனால் ஏதாவது ஓடும். நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன் கண்ணு, இது சத்தியம். கற்பூரமும் நம் கடையிலிருந்தே போகும், என் கை படாமல். ஆட்டோவை நினைப்பதை விடச் சொல்லி மட்டும் கேட்காதே. அது என்னால் ஆகாது.

உன்னை அந்த பஸ்ஸில் ஏற்றிவிட்ட
உன் அப்பா