ஹெச்.எம். எழுதிய கணக்குப் பரீட்சை

சார்,

நேற்று உங்கள் மகன் போடியிலிருந்து மதுரைக்கு வந்து, ஏலக்காய்ச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். "அப்பா கடைசியா படுத்துருந்தப்ப, இதக் கணக்கு டீச்சர்ட்டச் சேத்துருன்னு சொன்னாக" என்றான். பிரித்ததும் வீடெல்லாம் ஏலக்காய் மணம். உள்ளே பழுப்பேறிய விடைத்தாள்கள். மேலே இருந்ததைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்னுடைய தாள். வரலாறு, நூற்றுக்கு முப்பத்தொன்று.

நீங்கள் நம் பள்ளிக்கு ஹெச்.எம்.மாக இருந்த அந்த வருஷம் மாசி மாதம், அப்போது பள்ளி இறுதி வகுப்பாக இருந்த பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் அரசுத் தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. ஆனால் நம் ஆசிரியர் ஒருவர் மனமும் பள்ளியில் இல்லை. தமிழையாவுக்குக் காமயகவுண்டன்பட்டித் தோட்டத்தில் திராட்சை வெட்டு. டிரில் மாஸ்டருக்கு மகள் கல்யாணம். எனக்கோ மாற்றல் ஆசை. வீட்டுக்காரர் மதுரையில், நான் கம்பத்துப் பக்கம் என்று நாலு வருஷம் ஓடியிருந்தது. பாதிக் கணக்கைப் போர்டில் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக மதுரை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நீங்கள் திட்டவில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவர் நீங்கள். திட்டியிருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "வண்டி இன்னும் ஸ்டாண்டுக்குள்ளயே நுழையல. அதுக்குள்ள எல்லாரும் பையத் தூக்கிக்கிட்டுப் படியில நிக்கிறீக" என்றீர்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து பாடங்களின் பெயர் எழுதிய சீட்டுகளை எடுத்து மேசையில் குலுக்கிப் போட்டீர்கள். சனிக்கிழமை ஆசிரியர்களுக்குப் பரீட்சை. போன வருஷத்து அரசுக் கேள்வித்தாள். யாருக்கும் சொந்தப் பாடம் கிடையாது. திருத்தப்போவது பதினோராம் வகுப்புப் பிள்ளைகள்!

"இதென்ன சார் கூத்து?" என்றார் தமிழையா. அவருக்கு ஆங்கிலம் விழுந்திருந்தது.

"நானும்தான் எழுதப்போறேன். வாங்கய்யா" என்றீர்கள்.

சனிக்கிழமை அந்தச் சின்னப் பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்தோம். டிரில் மாஸ்டர் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்து, காவலுக்கு நின்ற பெண்ணிடம் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். நீங்கள் கடைசி வரிசையில் குனிந்த தலை நிமிரவில்லை. நான் முதல் கேள்வியையே மூன்று முறை படித்தேன். பரீட்சைப் பயம் எப்படி இருக்கும் என்பதை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

என் தாளைத் திருத்தியவள் முத்துப்பேச்சி. அரையாண்டில் கணக்கில் பதினெட்டு வாங்கியவள். அந்தத் தாளில் நான் சிவப்பு மையில் 'கவனமில்லை' என்று ஒற்றை வார்த்தை கிறுக்கித் தூக்கிப் போட்டிருந்தேன். அவளோ என் தாளின் அடியில் குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: 'டீச்சர், தெரிந்ததைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு முறை எழுதினால் தேறிவிடுவீர்கள்.'

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கவனமில்லாமல் இருந்தது அவளா, நானா?

மாற்றல் விஷயமாக மதுரைக்கு அலைவதைத் தேர்வு முடியும்வரை நிறுத்தினேன். முத்துப்பேச்சியையும் அவளைப் போல இன்னும் ஆறு பேரையும் தினமும் சாயங்காலம் உட்காரவைத்தேன். திராட்சைக் கூடையோடு வந்த தமிழையா, பிள்ளைகளுக்குக் கொத்துக் கொத்தாகக் கொடுத்துவிட்டு அடுத்த அறையில் இலக்கணம் எடுத்தார். முத்துப்பேச்சி கணக்கில் நாற்பத்து மூன்று வாங்கினாள். அந்த ஆனியிலேயே எனக்கு மாற்றலும் வந்தது. கிளம்பும்போது அழுதேன், உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மார்க்கை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. "ஹெச்.எம். மார்க்கு ஆபீஸ் ரகசியம் டீச்சர்" என்று தாள்களையெல்லாம் திரும்ப வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். நேற்றுதான் ரகசியம் வெளியே வந்தது. கட்டின் அடியில் உங்கள் தாள். கணக்கு! என் பாடத்தில் இருபத்தேழு! என் முன்னால் எவ்வளவு மிடுக்காக நடந்தீர்கள், சார்!

ஐந்தாவது கணக்கில் வழியெல்லாம் சரி, கடைசி வரியில் கழித்தலில் கோட்டைவிட்டிருக்கிறீர்கள். திருத்திய பிள்ளை முட்டை போட்டிருக்கிறது. இது அநியாயம்; வழிக்கு மார்க் உண்டு. சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து நாலு மார்க் போட்டேன். கூட்டிப் பார்த்தால் உங்களுக்கும் முப்பத்தொன்று.

இரண்டு தாள்களையும் ஒன்றாக வைத்திருக்கிறேன். உங்கள் தாளின் அடி வெறுமையாக இருந்தது. அங்கே நான் எழுதினேன்: 'சார், இன்னொரு முறை எழுதினால் தேறிவிடுவீர்கள்.'