சார்ஜரில் சூடாகும் மாஸ்க்

லேப் மேசையில் உன் மாஸ்க் சார்ஜரில் கிடக்கிறது. அயர்ன் செய்த துணியின் வாசம் கிளம்பிவிட்டது. இந்த வாசம் வந்தால் போதும், பின்னாலேயே நீயும் வந்துவிடுகிறாய்.

முதன்முதலில் அதை உன்னிடம் தந்தது நினைவிருக்கிறதா? துணிக்குள் கரி இழை இருக்கிறது, போன் சார்ஜரில் சொருகினால் சூடாகிக் கிருமியெல்லாம் செத்துப்போகும், மறுநாள் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று பெருமையாக விளக்கினேன். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பக்கம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவள் நீ. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரி மூக்குல போவக்கூடாதுன்னு கரியிலயே துணி செஞ்சிருக்கியா? நல்லா படிச்சடி" என்றாய். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்தே உன் வாய் அப்படித்தான்.

கழற்றிவிட்டுத்தான் சொருக வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டாயா? மார்கழிப் பனியில், ஷிஃப்ட் பஸ்ஸில், முகத்தில் போட்டபடியே பவர் பேங்க்கில் சொருகிக்கொண்டாய். அந்த இதத்தில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி டிப்போ வரைக்கும் போய்விட்டாய். பவர் பேங்க்கில் சார்ஜ் தீர்ந்ததால் தப்பித்தாய். முழுச்சூடு ஏறியிருந்தால் மூக்கு வெந்திருக்கும். நான் பயத்தில் கத்தினேன். நீ நிதானமாக, "எங்கிட்ட சொன்ன, சரி. குளிருக்கு சொன்னியா?" என்றாய்.

விஷயம் எங்கள் லேப் பேராசிரியை காதுக்குப் போனது. "நாளைக்கு எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க, இல்லன்னா வேலையை நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டார். முத்தாண்டிக்குப்பத்தில் உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன். நீ வறுத்த முந்திரியை என் கையில் கொட்டி, "அழுதுகினு இருந்தா ஆச்சா? என்னாலயே ஏமாத்த முடியாத மாதிரி செய்யி, பாக்கலாம்" என்றாய்.

செய்தேன். வயர் சொருகும் துளையை உள்பக்கம், மூக்கு படும் இடத்துக்கே மாற்றினேன். முகத்தில் இருக்கும்வரை மூக்கே தடுக்கும். ஒரு வாரம் என்னென்னவோ திருட்டுத்தனம் செய்து பார்த்துவிட்டு வந்து, "முடியலடி. என் மூக்கே எனக்கு எதிரியா போச்சு" என்று ஒத்துக்கொண்டாய். தோற்றுவிட்டு அப்படிச் சிரித்தவளை நான் பார்த்ததில்லை. மாஸ்க் பிழைத்தது.

நீ நெஞ்சுவலியில் போய், வரும் தையோடு ஒரு வருஷம். கேலி செய்ய ஆளில்லாமல் எனக்கு வேலையே ருசிக்கவில்லை. உன்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் இப்போது இதைத்தான் போடுகிறார்கள். துளை ஏன் உள்ளே இருக்கிறது என்று யாராவது கேட்டால் உன் டிப்போ கதையைச் சொல்கிறேன்.

இன்றும் நல்ல பனி. வயரைப் பிடுங்கி, சற்று ஆறவிட்டு, உன் மாஸ்க்கைக் கன்னத்தில் ஒத்திக்கொள்கிறேன். "என்ன மேடம், நீங்களேவா?" என்று யாராவது கேட்கட்டும். குளிருக்குச் சொன்னீர்களா என்று கேட்டுவிடுகிறேன்.