நீ பூட்டாத அடுப்பு

மச்சான்,

இன்று காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த மணம் மறுபடி வந்தது. பழைய புகைக்கரியின் மணம். ஈரச் சாம்பலும் இரும்பும் கலந்து மூக்குக்குள் ஒட்டிக்கொள்ளுமே, அது. நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் கணப்புக்குள் இருந்த இரும்பு அடுப்பை முன்னால் இழுத்து வைத்துவிட்டு, தரையில் மல்லாந்து படுத்து, தலையைப் புகைபோக்கிக்குள் விட்டு ரோச் லைட் அடித்துப் பார்த்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் சோபாவில் இருந்தபடி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பழைய விறகடுப்புகளை இனி எரிக்கக் கூடாது என்று நகரசபை சொல்லிக் கனகாலம். மகன் இப்போதுதான் மனம் வைத்து, அதைக் கழற்றிவிட்டு மின்சார அடுப்பு ஒன்றை வைக்க மூன்று பேரிடம் எஸ்டிமேட் கேட்டிருக்கிறான். முதல் இரண்டு பேரும் வாசலில் நின்றே கணக்குச் சொன்னார்கள். இவர் மூன்றாவது ஆள். வெளியே வந்து கையைத் துடைத்தபடி, “உள்ளே குழாய் இறக்கியவர் வேலை தெரிந்தவர், முசியே. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு பிசகு இல்லை. யார் செய்தது?” என்று கேட்டார்.

நான் உன் முழுப்பெயரையும் சொன்னேன். அவருக்கு அந்தப் பெயரால் என்ன பயன்? தலையாட்டிவிட்டு அளவு நாடாவை எடுத்தார். எனக்குத்தான் அதற்குமேல் கூடத்தில் இருக்க முடியவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் முப்பது வருடத்துக்கும் முன்னால் நான் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும்.

நீ போய் மூன்று கிழமை ஆகிறது. போன ஞாயிறு ரொறன்ரோவிலிருந்து உன் மகள் தொலைபேசி எடுத்தாள். “மாமா, முப்பத்தொராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். அப்பாவோடை ஆகப் பழைய சிநேகிதர் நீங்கள்தான். ஒரு பக்கம் எழுதித் தாங்கோ” என்றாள். ஒரு மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன். சிரித்த முகம், இனிய பண்பு, ஈடு செய்ய முடியாத இழப்பு. எந்தச் செத்தவனுக்கும் பொருந்தக்கூடிய பக்கம் அது. நல்ல வேளை, இன்னும் அனுப்பவில்லை.

நாங்கள் இருந்த அந்த மூன்றரை அறை வீடு ஞாபகம் இருக்கிறதா? குளியலறையை அரை என்று எண்ணுகிற இந்த ஊரில், மூன்றரைக்குள் ஐந்து பேர் படுத்தோம். அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு ஐந்து பேரும் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த வருடங்கள். முதல் குளிருக்கு உனக்கும் எனக்கும் சேர்த்து ஒரு கோட்டுத்தான் இருந்தது. நீ காலையில் ஒரு உணவகத்துக்குக் கோப்பை கழுவப் போவாய், எனக்குப் பின்னேர வேலை. மெட்ரோ வாசலுக்குள் நின்று நீ கழற்ற நான் போடுவேன். உன் உடம்புச் சூடு அதற்குள் இருக்கும். வெங்காய மணமும் இருக்கும். “சூட்டை வீணாக்காமல் ஓடு” என்று முதுகில் தட்டிவிடுவாய்.

பிறகு நீ புகைபோக்கி வேலைக்காரர் ஒருவரிடம் சேர்ந்தாய். பிரெஞ்சைக் கூரைகளின் மேல் நின்று படித்தவன் நீ. அதனால் உன் பிரெஞ்சில் பாதியைப் பெண்கள் இருக்கும் இடத்தில் கதைக்க முடியாது. நான் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கின் கந்தோரில் எழுத்து வேலைக்குக் கதிரை பிடித்தேன். கலியாணம், மூத்த மகள், கடைசியில் பியர்பொன்ட்ஸில் இந்தச் சிறு வீடு. எங்கள் ஐந்து பேருக்குள் முதலில் வீடு வாங்கியவன் நான். அந்தத் தலைக்கனத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

அந்த வீட்டில் செங்கல்லால் கட்டிய கணப்பு ஒன்று இருந்தது. விறகு எரித்தால் சூடெல்லாம் கூரையால் போய்விடும். முதல் மாரிக் குளிரில் ஒருநாள் மின்சாரம் போய், பிள்ளை கோட்டோடு சோறு சாப்பிட்டாள். கணப்புக்குள் இரும்பு அடுப்பு ஒன்றைப் பொருத்திப் பூட்டினால் சூடு வீட்டுக்குள் நிற்கும் என்று கந்தோரில் சொன்னார்கள். “மூன்று எஸ்டிமேட் எடுக்காமல் எவனிடமும் வேலை கொடுக்காதே” என்றும் சொன்னார்கள். அந்த வசனம் எனக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்காரர்கள் பேசுகிற வசனம் அது.

பத்திரிகையைப் பார்த்து இரண்டு பேரைக் கூப்பிட்டேன். மூன்றாவதாக உன்னை. அப்போது நீ முதலாளியை விட்டுத் தனியே தொடங்கப் பார்த்துக்கொண்டிருந்தாய். பழைய வான் வண்டி ஒன்றை வாங்கிக் கூரையில் ஏணியும் கட்டியிருந்தாய். கம்பனியின் பெயர் எழுதுவதற்காக வண்டியின் ஒரு பக்கத்தை வெள்ளை அடித்து வைத்திருந்தாய். எங்கட ஆக்களுக்குள் முதலில் ஒரு வீடு செய்து காட்டினால் போதும், மற்றது தானாக வரும் என்று சொல்வாய். அந்த முதல் வீடு என்னுடையதாக இருக்கும் என்று நீ நினைத்ததில் என்ன பிழை?

“மச்சான், நீயும் எழுதித் தா. பேப்பரிலை” என்றேன்.

“எனக்கும் உனக்கும் இடையிலை பேப்பரே?” என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டாய்.

முதல் ஆள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாவது ஆள் கணப்பின் வாயை மட்டும் அளந்தார். நீ அரை மணித்தியாலம் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே விட்டு, முகமெல்லாம் கரியாக வெளியே வந்தாய். பிள்ளை பயந்து அழுதாள். அடுத்த கிழமை இஸ்திரி போட்ட முழுக்கைச் சேட்டோடு வந்து அந்த எஸ்டிமேட்டை என் கையில் தந்தாய். கோடு போட்ட தாளில், புகைபோக்கியின் படம் கீறி, அளவெல்லாம் எழுதி. அடுப்பிலிருந்து கூரை உச்சி வரைக்கும் எவர்சில்வர் குழாய் ஒன்று இறக்க வேண்டும் என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு. உன் வாழ்க்கையில் நீ எழுதிய முதல் எஸ்டிமேட். அதற்காகத்தான் அந்தச் சேட்டு என்பது எனக்கு அப்போது மூளையில் ஓடவில்லை.

மூன்று தாளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். உன்னுடையதுதான் தொகை கூட. குழாய்தான் காரணம். மற்ற இருவரும் குழாயைப் பற்றி மூச்சே விடவில்லை. உன்னிடம் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல், உன் தாளைக் கொண்டுபோய் இரண்டாவது ஆளிடம் காட்டினேன். “உன் நண்பனுக்குக் குழாய் விற்க வேண்டியிருக்கிறது போல” என்றார். எனக்கு அது காதில் தேனாக விழுந்தது.

“எங்கட ஆள் எண்டு கூப்பிட்டா, தலையிலை மிளகாய் அரைக்கப் பாக்கிறான்” என்று மனைவியிடம் சொன்னேன்.

“அவர் அப்பிடிப்பட்டவரில்லை. ஏன் அந்தக் குழாய் எண்டு ஒருக்காக் கேளுங்கோவன்” என்றாள்.

கேட்கவில்லை. மிளகாய்க் கதையை மட்டும் இரண்டு மூன்று வீடுகளில் விருந்துக்குப் போன இடத்தில் சொல்லிச் சிரித்தேன். உனக்குத் தொலைபேசியில், மனைவிக்குத்தான் மற்ற ஆளின் வேலை பிடித்திருக்கிறது என்று பொய் சொன்னேன். “பரவாயில்லை மச்சான். குழாய் போடுறானோ எண்டு மட்டும் கேள்” என்றாய். “ஓம் ஓம்” என்று வைத்துவிட்டேன். வேலையை இரண்டாவது ஆளுக்கே கொடுத்தேன், அவர் குழாயில்லாமலே அடுப்பைப் பூட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டோர்வல் விமான நிலையத்துக்கு இறங்கும் பிளேன் எங்கள் கூரையில் இறங்குகிறது என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு இரைச்சல். குழாயில்லாத புகைபோக்கிக்குள் புகை ஆறி ஆறித் தார் மாதிரிப் படிந்திருந்த கரி பற்றிக்கொண்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் பனிக்குள் ஓடினோம். தீயணைப்புக்காரர்கள் வந்து அணைத்தார்கள். அதில் ஒருவர், உள்ளே குழாய் இல்லாமல் எந்த மடையன் இதைப் பூட்டினான் என்று கேட்டார்.

யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, மறுநாள் காலை நீ வானோடு வந்தாய். நான் வேலைக்குப் போய்விட்டேன். மனைவி கதவைத் திறந்தாள். இரண்டு நாள், அந்தக் குளிரில், கூரையில் நின்று குழாய் இறக்கினாய். இரண்டாம் நாள் நான் வந்தபோது நீ குசினியில் கை கழுவிக்கொண்டிருந்தாய். நான் ஒரு கடித உறையை நீட்டினேன். நீ அதைப் பார்க்கவே இல்லை.

“வை மச்சான். ஆரும் நல்ல ஆள் தேடினா என்ரை பேரைச் சொல்லு. எனக்கு அது காணும்.”

நீ என்னிடம் கேட்ட கூலி அவ்வளவுதான். நான் அதைத் தந்த விதத்தை இப்போது எழுத வேண்டும்.

ஒரு மாதம் கழித்து, தேவாலயத்து நிலவறை மண்டபத்தில் ஒரு பிறந்தநாள். எங்கள் ஆட்களின் வீட்டுக்கு வீடு காப்புறுதி விற்கிற இன்சூரன்ஸ் அண்ணை எங்கள் மேசையில் இருந்தார். அவர் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. எங்கள் வாசலில் உன் வான் இரண்டு நாள் நின்றதைக் கண்டிருக்கிறார். மேசையில் எட்டுப் பேர் கேட்கத்தக்கதாகக் கேட்டார்:

“உம்மடை சிநேகிதன் பூட்டின அடுப்புத்தானே தம்பி எரிஞ்சது? பிறகு வந்து ஒட்டுப் போட்டவனாம்?”

இல்லை என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். ஆனால் இல்லை என்றால், பிறகு யார் பூட்டினது என்று கேட்பார்கள். மிளகாய்க் கதை கேட்டுச் சிரித்தவர்கள் அந்த மேசையில் மூன்று பேராவது இருந்தார்கள். மூன்று எஸ்டிமேட் எடுத்த கெட்டிக்காரன் ஏமாந்த கதையை நானே சொல்ல வேண்டிவரும். என் வாயில் மட்டன் ரோல்ஸ் இருந்தது. அதை மென்றேன், மச்சான். மெள்ள மெள்ள மென்றேன். நான் விழுங்கி முடிப்பதற்குள் கதை வேறு பக்கம் போய்விட்டது. “எங்கட ஆக்களை நம்பி ஒண்டும் செய்யேலாது” என்று யாரோ முடித்தார்கள். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

உன்னிடம் வேலை தருவதாக இருந்த இரண்டு குடும்பங்களும் பிறகு பார்ப்போம் என்றன. அதற்குப்பின் யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் நீ கேட்டாய்: “இன்சூரன்ஸ் அண்ணை உன்னட்டை ஏதோ விசாரிச்சவராம். நீ என்ன சொன்னனீ?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை.”

நீ என் முகத்தைப் பார்த்தாய். உனக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. “சரி மச்சான்” என்றாய். அந்த ஜூலை முதலாம் திகதி, ஊரே வீடு மாறுகிற நாளில், நீயும் சாமான் ஏற்றிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போனாய். ஒரு கட்டிலைத் தூக்கி விடத்தான் எனக்கு முடிந்தது. வானின் வெள்ளை அடித்த பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை. அங்கே கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரைக்கும் இன்னொருவரின் கம்பனிப் பெயர் குத்திய சேட்டைத்தான் போட்டாய்.

நீ என்னைக் கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் கோபித்துக்கொண்டு கணக்கை முடித்திருப்பேன். நீயோ ஒவ்வொரு இலையுதிர் காலமும் தொலைபேசி எடுத்தாய். “மச்சான், சிம்னி கூட்டியாச்சே?” ஒரு வருடம் தவறவில்லை. போன வருடம் இருமல் நடுவிலும் கேட்டாய். “கூட்டியாச்சு” என்றேன். முப்பதுக்கு மேற்பட்ட தடவை எனக்கு வாய் திறக்க இடம் தந்திருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் நான் காலநிலை கதைத்தேன். உன் செத்தவீட்டில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அங்கேயும் அந்தக் கோட்டுக் கதையைச் சொல்லி எல்லாரையும் அழப் பண்ணினேனே தவிர, இதைத் தொடவில்லை. இறங்கி வரும்போது இன்சூரன்ஸ் அண்ணை, வயது எண்பதைத் தாண்டியவர், என் கையைப் பிடித்து, “நல்ல சிநேகிதம் தம்பி” என்றார். வெட்கம் என்றால் என்ன என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்தது.

குளியலறையிலிருந்து வெளியே வந்து, முதல் எழுதிய பக்கத்தைக் கிழித்துப்போட்டு, இதை இதுவரைக்கும் எழுதினேன். மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். நடுவில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினாள்.

“என்னைச் சாட்டியே அவரை வேண்டாமெண்டனீங்கள்? இவ்வளவு காலமும் அவர் என்னையெல்லோ நினைச்சிருப்பார்.”

“ஓம்.”

கண்ணாடியைத் திரும்பப் போட்டு, மிச்சத்தையும் வாசித்தாள். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, “ஒரு சொல்லும் வெட்டாமல் அனுப்புங்கோ” என்றாள்.

அனுப்பப் போகிறேன். முப்பத்தொராம் நாள் மண்டபத்தில் இன்சூரன்ஸ் அண்ணையும் வருவார், அந்த மேசையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களும் வருவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் மலரை எல்லார் கையிலும் கொடுப்பார்கள். அவர்களுக்காக இதை ஒருதரம் நேராக எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எரிந்தது நீ பூட்டியது அல்ல. நீ பூட்டிய குழாய் இன்றுவரை தீப்பற்றவில்லை.

உன் எஸ்டிமேட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வீட்டு உறுதிப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்தேன், எடுத்துப் பார்த்ததில்லை. இன்று எடுத்தேன். மடித்த இடத்தில் கிழியப் பார்க்கிறது, எழுத்து மங்கவில்லை. இந்த மடலுக்கு எதிர்ப்பக்கத்தில் அதை அப்படியே படம் பிடித்துப் போடும்படி உன் மகளிடம் கேட்கப் போகிறேன். மேலே உன் பெயர், நீ வைக்க நினைத்திருந்த கம்பனியின் பெயர், நடுவில் புகைபோக்கியின் படம், குழாய் என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு.