ஷீபா சோதித்த கல்லூரி

அன்புள்ள ஷீபா அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் ஷீபாவும் சுகம். உங்கள் மூட்டுவலி, அத்தையின் சர்க்கரை எல்லாம் எப்படி? போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

இன்று காலை முதல் வேலையாக ஷீபாவுக்குத் தலை பின்னிவிட்டேன். பிறகு ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு, மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் அந்தத் தனியார் கல்லூரியைப் பார்த்தோம். “ஆயிரமே பேர் படிக்கிற சின்ன காலேஜ்லாம் ஒரு காலேஜா, சென்னைக்கே அனுப்பு” என்றீர்களே, அதேதான்.

நான் அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டிருந்தபோது இவளைக் காணோம். தேடினால், கெமிஸ்ட்ரி வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்!

“நீ யாரும்மா?” என்றார் சார்.

“சேரலாமா வேணாமான்னு பாக்க வந்தேன் சார்.”

வகுப்பே சிரித்தது. “பாரு, பாரு. மார்க் மட்டும் கம்மியா போட்டுடாத” என்றார் அவர்.

வெளியே வந்ததும், “இன்னாடி கூத்து இது?” என்றேன்.

“பக்கத்துல இருந்த அக்காவ, ‘மலர்விழி, அம்மாவுக்கு ஜுரம் வுட்டுச்சா’ன்னு கேட்டாரும்மா. எனக்கு இந்த காலேஜ்தான்.”

சென்னையில் நான் படித்த மூன்று வருஷமும் என் பேர் எந்த ஆசிரியருக்கும் தெரியாது. பேர் தெரிந்த ஆசிரியரை நம் பெண் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்!

என் பழைய ரேடியோவை அனுப்புங்கள். அவள் ஹாஸ்டலுக்குக் கிளம்பியபின் அறையில் அது ஏதாவது பேசிக்கொண்டிருக்கட்டும்.

பஸ் ஹாரன் அடிக்கிறது, தபாலில் போடச் சொல்லி டிரைவரிடம் இதைக் கொடுக்க வேண்டும். ஷீபாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை: உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல், திங்கள்கிழமை நானே கையெழுத்துப் போட்டு அவளை அங்கே சேர்க்கப் போகிறேன்.

உங்கள்
ஜெசிந்தா